பயிரின் மேல் நின்ற சிறுமி

நகைக்கடைக் காலண்டரை இன்று பிரித்தபோது வழுவழுத் தாளின் மை வாசனை வந்தது. 1959-இல் குளத்தூரில் எட்டு வயதில் நான் பொறாமைப்பட்ட சீனத்துச் சிறுமி உடனே நினைவுக்கு வந்தாள்.

கம்யூனிஸ்டான சித்தப்பா கொண்டுவந்த, இதே வாசனை அடித்த சீனப் பத்திரிகையில் அவள் படம் இருந்தது. விளைந்த பயிரின் மேல் ஏறி நின்று சிரித்தாள். பயிர் சாயவே இல்லை.

"அவுக தலைவரு சொன்னபடி நெருக்கி விதைச்சாக. ஊருக்கே ஒரே சமையக்கட்டு. புள்ளைக வயிறு முட்டத் திங்குதுக," என்றார் சித்தப்பா.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் மழையில்லாமல் ஒருவேளைக் கூழ்தான். அவளுடைய உப்பிய கன்னத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

விவசாயியான அப்பா படத்தை உற்றுப் பார்த்தார். "இம்புட்டு நெருக்கமா இருந்தா காத்து எங்கிட்டுப் போகும்? பயிரு அழுகிப் போயிரும். காலுக்கடியில பெஞ்சு போட்டிருக்காகடா."

"ஒங்களுக்கு எதுலயும் நம்பிக்கை இல்லண்ணே," என்று சித்தப்பா கோபித்துக்கொண்டு போனார்.

நானும் அப்பாவை நம்பவில்லை. யாரும் பார்க்காதபோது அந்தச் சிரித்த முகத்தை நகத்தால் கீறிவிட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் சீனாவில் நடந்ததைப் படித்தேன். அப்பா சொன்ன பெஞ்சு உண்மைதான். தலைவருக்குப் பயந்த அதிகாரிகள் இல்லாத விளைச்சலை இருப்பதாகச் சொன்னார்கள். அதை வைத்து அரசாங்கம் ஊரில் இருந்த தானியத்தையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பொதுச் சமையலறைகளில் அடுப்பு அணைந்தது. கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள்.

நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தபோதே அவள் பசியில் கிடந்திருப்பாள். உயிரோடிருந்தால் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பாள். எடுத்திருக்க வேண்டுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.