சந்தனப் பொட்டு வைத்த டெப்புகள்

விஜயகலா அக்காவின் போனைப் பள்ளிக்கூட அதிபர் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் கேள்விப்பட்டேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆறு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, தெஹியோவிட்டவில் பஸ் இறங்கி, பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன இடமெல்லாம் அநியாயம் பார்த்திருக்கிறேன். சந்தனமும் குங்குமமும் வைத்த அநியாயத்தை இங்கேதான் பார்த்தேன்.

அக்கா எங்கள் லயத்தின், தோட்ட வீட்டு வரிசையின், கடைசி வீடு. வயது முப்பத்தாறு. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்து, படித்த பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தவர். மூன்றாம் வகுப்பு அவருடையது. இருபத்தொரு பிள்ளைகள், பாதி வெளுத்துப்போன ஒரு கரும்பலகை.

அந்த வகுப்பில் நிலக்சி என்று எட்டு வயதுப் பிள்ளை. வீட்டில் பாதி தமிழ், பாதி சிங்களம். புத்தகத்தில் இருக்கிற தமிழ் அவளுக்கு யாரோ அந்நியர் பேசுவதுபோல. வாயே திறக்கமாட்டாள். அதிபர் சிவம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், அவளை மந்தபுத்தி என்று முடிவுகட்டி, கேகாலையில் உள்ள சிறப்புக் கல்விப் பிரிவுக்கு அனுப்பப் படிவம் நிரப்பி வைத்திருந்தார். கேகாலைக்கு பஸ் மாறிப் போகவேண்டும். தாய் விடியுமுன்னே பால்வெட்டப் போய்விடுவாள். யார் கூட்டிப்போவது? படிவம் போனால் அந்தப் பிள்ளையின் படிப்பு அன்றோடு சரி.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடி விரிசல்விட்ட தன் போனை அவள் முன்னால் வைத்தார்.

"நேத்து வீட்டுல என்னா நடந்துச்சு? என்கிட்டச் சொல்லவேணாம், இதுகிட்டச் சொல்லு."

"மழ. அம்மா பால்வெட்டப் போகல. எங்க பூஸா குட்டி போட்டுருச்சு."

பதிவான பேச்சைத் திருப்பிப் போட்டதும், தன் குரலைக் கேட்டு நிலக்சி விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவள் சொன்னதை அக்கா ஒரு எழுத்து மாற்றாமல் கொப்பியில் எழுதிக்கொடுத்தார். தன் பேச்சு என்பதால் அவள் வாசித்தாள். ஒரு வாரம் கழித்து 'பூஸா'வுக்குப் பக்கத்தில் 'பூனை' என்றும் எழுதினார். நாலு மாதத்தில் பாடப் புத்தகத்தையே எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இருபத்தொரு பிள்ளைகளுக்கு உடைந்த போன் ஒன்று. அலுமாரியிலோ பன்னிரண்டு புத்தம்புது டெப், தொட்டுப் பழகும் கைக்கணினிகள். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு கொடுத்தது.

"சேர், ரெண்டே ரெண்டு தாங்க. பாடம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து வச்சிர்றேன்" என்று அக்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"பிள்ளையள் விழுத்தி உடைச்சால் ஆர் பதில் சொல்லுறது, டீச்சர்? என்ர கையெழுத்தெல்லோ கிடக்கு."

முன்பிருந்த பள்ளியில் ஒரு ரேடியோ காணாமல் போய், மூன்று வருஷம் விசாரணைக்கு அலைந்தவராம். பயம் உண்மைதான். அதற்காக?

டெப்புகள் வருஷத்துக்கு ஒருநாள் வெளியே வரும், சரஸ்வதி பூசைக்கு. படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு பூட்டு.

போன திங்கட்கிழமை டெப் கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணி கொடுக்க அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். சிவம் சேர் அவசரமாக அலுமாரியைத் திறந்து மூன்றாம் வகுப்புக்கு, இரண்டு பேருக்கு ஒன்றாக, டெப் பங்கிட்டார். ஒன்றில்கூட சார்ஜ் இல்லை. பூசையில் மட்டுமே அதைக் கண்ட பிள்ளைகள், கையில் வாங்கியதும் அத்தனை பேரும் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"ஐயோ, எவ்வளவு பக்தி!" என்று வந்திருந்த சுமித்ரா என்ற அம்மா உருகிப்போய்ப் படம் எடுத்தார். எனக்குத் தேத்தண்ணித் தட்டை அப்படியே வீசவேண்டும் போலிருந்தது.

நிலக்சி மட்டும் அமுக்கிப் பார்த்தாள். "டீச்சர், இது செத்துப்போச்சு."

சுமித்ரா சிரித்துக்கொண்டே, "எதையாவது வாசிச்சுக் காட்டுங்க மகள்" என்றார். நிலக்சி தன் கொப்பியை எடுத்து, பூனை குட்டி போட்ட கதையை நிறுத்தாமல் வாசித்தாள். சிவம் சேர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"அருமை! கொப்பிய வச்சிட்டு, டெப்பைப் பாத்து வாசிக்கிற மாதிரி நில்லுங்க. வீடியோ எடுப்போம்."

அக்கா எழுந்துபோய்ப் பிள்ளையின் கையிலிருந்த டெப்பை வாங்கி மேசையில் வைத்தார். "இதுல அவ படிக்கலீங்க. இது ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. அவ படிச்சது இதுல" என்று விரிசல்விட்ட போனைத் தூக்கிக் காட்டினார்.

தேத்தண்ணி பாதியில் நின்றது. வேன் புறப்பட்டுப் போனது.

மறுநாள் காலை அக்கா அலுவலகத்துக்குப் போய், "சேர், நிலக்சியோட படிவம்?" என்று கேட்டார். வெளியாட்கள் முன்னால் வாசித்த பிள்ளைக்கு எந்தப் படிவம் அனுப்புவது? சிவம் சேர் அதைக் கிழித்துப் போட்டார். போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"போனைத் தாங்கோ. வகுப்பில போன் பாவிக்கக் கூடாதெண்டு தெரியுந்தானே? விளக்கக் கடிதமும் எழுதித் தாங்கோ."

அக்காவின் போன் அந்த டெப்புகளோடு போய்ச் சேர்ந்தது.

"நான் பேசுனது எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சா, டீச்சர்?" என்று நிலக்சி கேட்டாளாம்.

இதைக் கேட்டதும் என் போனைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன்.

"வேணாம் தங்கச்சி. இதையும் பூட்டிருவாரு."

"பூட்டட்டும்க்கா. அந்த அலுமாரியில எத்தனைக்குத்தான் எடம் இருக்குன்னு பாத்துருவோம்."

அக்கா வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலை மூன்றாம் வகுப்பு மேசையில், அலுவலக ஜன்னலுக்கு நேரே தெரியும்படி, என் போன் இருந்தது. நான் வெளியே மதிலோரம் நின்றேன். முதல் ஆளாக நிலக்சி வந்து பேசினாள். அக்கா வழக்கம்போல, அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். இருபத்தொரு பிள்ளைகளும் தொண்டை கிழிய வாசித்தார்கள்:

"டீச்சர் போனு அலுமாரிக்குள்ள இருக்கு. அதுக்கு இன்னும் பொட்டு வைக்கல."

ஜன்னலில் சிவம் சேரின் தலை தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொருக்கா" என்றார் பிள்ளைகளிடம். "சத்தமா."