வெறும் விளிக்கு ஒரு பருப்பு வடை

மேடத்தின் நெஞ்சுப் பட்டை சாம்பல் நிறம். இரண்டு விரல் அகலத்தில் எலாஸ்டிக், நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. வீட்டிலிருந்தே அதைக் கட்டிக்கொண்டு, தான் நடத்திய எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "என் நெஞ்சு ஓடுதா மக்ளே?" என்று என்னைக் கேட்பார். சுவரில் மாட்டியிருந்த திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஓடுகிறது என்று நான் தலையாட்டிய பிறகுதான் மின்விசிறியைப் போடுவார். வேறு எவருடைய நெஞ்சையும் நான் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை, என் கணவருடையது உட்பட.

இதயத் துடிப்பு தடுமாறினால் உடனே ஒலி எழுப்பும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கல்லாறுக்கு மேலே மலையில் இருப்பவர்களுக்காக. அங்கே ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், வளைந்து வளைந்து இறங்கித் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியைச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஆகவே கருவி சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, சீக்கிரமாகவும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினாலோ, கட்டியவர் இரண்டாம் நாளே கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் எங்கள் அன்றாடச் சண்டை.

செய்பவர்தான் முதலில் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது மேடம் வைத்த வழக்கம். காரணமில்லாமல் ஒலித்தால் அதற்கு 'வெறும் விளி' என்று பெயர் வைத்திருந்தோம். மலையாளத்தில் விளி என்றால் அழைப்பு. யார் கட்டியிருக்கும் பட்டை வெறும் விளி விடுகிறதோ, அவர் எல்லோருக்கும் சாயாவும் பருப்பு வடையும் வாங்கித் தர வேண்டும். இந்தத் தண்டனையையும் விதித்தவர் மேடம்தான். அதை நிறைவேற்றுவதில் எங்களில் ஒருவரும் தாமதித்ததில்லை.

மேடத்துக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், திருவனந்தபுரம் ஆரியசாலையில் பல வருடக் குடித்தனம். நான் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரியின் மகள். அப்பா மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலே வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தே தேய்ந்தவள். என் பயம் ஆய்வகத்தில் பிரசித்தம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மேடம் என்னைப் பார்த்துச் சொல்லாத வாரம் கிடையாது. "ஒனக்குப் பட்டையே வேண்டாம்ட்டி, நீயே ஒரு அலாரம்" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. பயப்படுகிறவளை வேலைக்கு வைத்துக்கொண்டதே அதற்காகத்தானோ என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

கல்லாறில் சோதனை தொடங்க நாள் குறித்திருந்த மழைக்காலத்தில், மேடத்தின் பட்டை விளிக்க ஆரம்பித்தது. முதல் நாள் சிரித்துக்கொண்டே வடை வாங்கினார். மறுநாளும் விளித்தது, மறுநாளும் வடை. வாரம் மாறியும் நிற்கவில்லை. வடைக்காரர் எங்கள் ஆளைக் கண்டதுமே பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டார். சென்சார் வேலையைப் பார்த்த மலையாளி நண்பர், "அது காண்டாக்ட் லூஸாணு சேச்சி, மேடத்துக்கு டிரை ஸ்கின் அல்லே" என்று, வறண்ட தோலில் பட்டை சரியாக ஒட்டவில்லை என்பதாகச் சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். நான் என் வடையைக் கீழே வைத்துவிட்டேன். மேடத்தின் பட்டையை ஒரு நாள் வாங்கி நானே கட்டிப் பார்த்தேன். மூச்சுக் காட்டவில்லை. நண்பரையும் கட்டச் சொன்னேன். அப்போதும் மௌனம். மேடத்தின் நெஞ்சுக்குத் திரும்பியதும் விளித்தது.

மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். கேட்டால், காலையில் சாப்பிடவில்லை, அதனால் தலை சுற்றுகிறது என்றார். "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருவோமா மேடம்?" என்றேன். "கல்லாறு முடியட்டும் மக்ளே. கருவி கெட்டா கருவியைப் பாக்கணும், ஆளைப் புடிச்சு ஆஸ்பத்திரியில போடலாமா? நீ அந்தக் காத்திருக்குற நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வை, சத்தம் நின்னுரும்" என்றார். துடிப்பு தடுமாறிய பின் எவ்வளவு பொறுத்து ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நிரல் என் பொறுப்பில் இருந்தது. கூட்டினால் நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நிற்பது சத்தம் மட்டும்தான், தடுமாற்றம் அல்ல.

அந்தப் பதிவை ஒரு இதய மருத்துவரிடம் காட்டிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் யாருடைய துடிப்பும் அவர் சம்மதமின்றி வெளியே போகக் கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. அதில் மேடம் கல் மாதிரி. மீறினால் என் முகத்திலேயே விழிக்க மாட்டார், அப்புறம் நான் சொல்லும் எதையும் கேட்கவும் மாட்டார். வீட்டில் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பேன். அம்மா கண்ணேறு கழிக்க வேண்டும் என்றாள். மேடம் படியில் விழுந்து கிடப்பது மனதில் வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் பதிவுகளைத் தரம் பிரிப்போம். மேடம் மருத்துவர் இல்லை. ஆனால் வருடக்கணக்காக மருத்துவர்களோடு உட்கார்ந்து இந்தக் கோடுகளைப் படித்தவர். பதிவில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. பார்த்துவிட்டு, சும்மா விடலாம், டாக்டர் பார்க்கட்டும், உடனே அனுப்பு என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அந்த வெள்ளிக்கிழமை, மற்றவர்களின் பதிவுகளுக்கு நடுவே அவருடையதையும் சேர்த்தேன். அவருடைய நெஞ்சை அவருக்கே காட்டுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அவருடையது வந்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக் குனிந்தார். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கோடு தரையாகக் கிடந்த இடங்களில் விரல் வைத்தார். "இது யாருட்டி? இவ்வளவு எடவெளி விட்டிருக்கு, இந்த ஆளை எப்படி நடமாட விட்டிருக்காவ? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லு." நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு எண்ணைப் பார்த்தார், பிறகு மெல்லத் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

திட்டுவார் என்று நினைத்தேன். "ஆட்டோ விளி" என்றார்.

மழையில் ஆட்டோ ஊர்ந்தது. என் மடியில் இருந்த சின்னத் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது தரையாகும் ஒவ்வொரு முறையும் என் மூச்சும் நின்றது. மேடம் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்திருந்தார். பாதி வழியில், "எனக்குப் பேடியா இருக்குட்டி" என்றார். பயத்தைச் சொல்லும் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஊரில் உள்ள பயமெல்லாம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். "ஒண்ணும் இல்ல மேடம், அரண்டவன் கண்ணுக்கு..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அவர் சிரித்தார். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள், பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டில் தனியாக மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லத் தொடங்கியபோது, நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். கல்லாறுக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம். காத்திருக்கும் நேரத்தை மேடமும் அதன்பின் கூட்டச் சொல்லவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்று நாகர்கோவிலில் தங்கையோடு இருக்கிறார். ஆய்வகத்தில் புதிய திரைகள் வந்துவிட்டன. யார் யாருடைய கோடுகளோ அவற்றில் ஓடுகின்றன, அவருடையது மட்டும் இல்லை. அதனால் தினமும் மதியம் போன் செய்கிறேன். மணி அடிக்க அடிக்க, குளிக்கப் போயிருப்பார், கோயிலுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், நம்ப மாட்டேன். எடுத்ததும் ஹலோ என்றெல்லாம் சொல்ல மாட்டார்.

"இருக்கேன்ட்டி. நீ போய்ச் சாப்பிடு."