புறங்கை

அப்பா எந்த மின்சாரப் பொருளையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ஆயுசெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிப் பட்டறைகளுக்கு வயர் இழுத்தவரே இவர்தான் என்று அம்மா பீற்றிக்கொள்வாள். உள்ளங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்போது விரல்கள் மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறி விலகிவிடலாம் என்பது அவர் கணக்கு. மழைக்காலத்தில் ஃப்ரிட்ஜோ கிரைண்டரோ, கரண்ட் கசிந்தால் தெரியட்டும் என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நாங்கள் கிட்டப் போகலாம்.

எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே புறங்கைதான் நெற்றிக்கு வரும். தெர்மாமீட்டரை எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கை பட்டாலே எனக்குப் பாதிப் பயம் போய்விடும்.

வேலையை விட்ட பிறகு சர்க்கரை ஏறியது. கொதிக்கிற காபி டம்ளரைச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். கை மரத்துப்போச்சா என்று கேட்டால் எரிந்து விழுவார். பிடிவாதத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

போன மழைக்கு எங்கள் கொரட்டூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து வடிந்தது. வாஷிங் மெஷினைப் போடலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா ப்ளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, செருப்பைக் கழற்றி, புறங்கையை வைத்தார்.

"ஒண்ணும் இல்ல, போட்டுக்கோ."

மெஷினைத் தொட்ட அம்மாவை ஷாக் தூக்கியடித்தது, சுவரோரம் போய் விழுந்தாள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். நல்லவேளை, தோளில் பட்ட அடியோடு போயிற்று. அந்த வலியிலும் அவரைத்தான் தேற்றினாள்.

"ஈரக் கையோட தொட்டேன், அதான். நீ இன்னா பண்ணுவே?"

மறுநாள் அப்பா வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார். அவன் வேலை முடித்துப் போகும்வரை தெருமுனையில் போய் நின்றுகொண்டார்.

சென்ற வாரம் என் மகளுக்கு உடம்பு சுகமில்லை. "தாத்தா, தொட்டுப் பாரு" என்று அவள்தான் கூப்பிட்டாள். அப்பா தயங்கித் தயங்கிப் போய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ தொட்டுப் பாரும்மா. எனுக்கு ஒண்ணும் தெரில."

அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். பிள்ளையின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது.