பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால்

நானும் என் தங்கையும் ஒரே வருஷம் அரசு வேலையில் சேர்ந்தோம். எனக்கு மாநில அரசின் மீன்வளத் துறை. அவளுக்குத் தூத்துக்குடித் துறைமுகம். அது மத்திய அரசுடையது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளை "சென்ட்ரல் கவர்மெண்ட்" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார்கள். என்னை "மீன் ஆபீஸ்" என்பார்கள். நான் ராமநாதபுரம், நாகப்பட்டினம் என்று மாற்றலாகி, வாடகை வீடுகளில் சாமான்களைக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் துறைமுகக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தாள். அங்கே போனால் குழாயைத் திறந்து பார்ப்பேன். எந்நேரமும் தண்ணீர் வரும். அதற்கும் வயிறு எரியும்.

நான் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த மறுவருஷம், ஆலந்தலைக் கிராமத்திலிருந்து மீன்பிடிக்கப் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. அதில் நான்கு பேர். இன்ஜின் நின்றுவிட்டது, நீரோட்டம் வெளியே இழுக்கிறது என்று ஒரு போன் வந்ததோடு சரி. அவர்களில் ஒருவருடைய மனைவி காலையிலேயே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"மேடம், ஒரு போட்டை அனுப்புங்க. உங்க கையிலதான இருக்கு?"

கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரைதான் மாநிலத்தின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசு. வள்ளம் அதைத் தாண்டியிருக்கும். கலெக்டர் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தேன், சென்னைக்கும் எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன்.

"அப்ப நீங்க எதுக்கு மேடம் இருக்கீய?"

மத்தியானம் வரை பதில் இல்லை. வேறு வழியில்லாமல் தங்கைக்குப் போன் செய்தேன். கப்பல்கள் வந்துபோகும் விவரம் பார்க்கும் பிரிவில் அவள் இருந்தாள்.

"ஏளா, அந்தப் பக்கமா கப்பல் எதுவும் வருதா?"

"கொழும்புலேருந்து ஒண்ணு வருது. இரு அக்கா, பாக்குதேன்."

சாயங்காலம் அந்தக் கப்பல் நால்வரையும் ஏற்றிக்கொண்டு வந்தது. நானும் அந்தப் பெண்ணும் துறைமுக வாசலுக்கு ஓடினோம். காவலர் பாஸ் கேட்டார். என் அடையாள அட்டையைக் காட்டினேன்.

"இது ஸ்டேட் கவர்மெண்ட் கார்டு மேடம். இங்கன செல்லாது."

தங்கை வந்து, எங்கள் இருவரையும் பார்வையாளர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப்போனாள். நால்வரும் உப்புப் பூத்த முகத்தோடு இறங்கினார்கள். அந்தப் பெண் என் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தாயே, நீ நல்லா இருக்கணும்." என் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு உயிர் கரை சேர்ந்த நேரத்தில் என் மனதில் நின்றது அதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். கப்பலுக்குத் தகவல் போனது எப்படி என்ற இடத்தில் 'மீன்வளத் துறையின் வேண்டுகோளின்படி' என்று எழுதினேன். முழுப் பொய் இல்லை. ஆனால் தங்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கலெக்டர் பாராட்டினார். செய்தித்தாளில் எங்கள் துறையின் பெயர் வந்தது. அவள் கூப்பிட்டுக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கூப்பிட்டாள்.

"ஏக்கா, பேப்பர் பாத்தேன். நல்ல வேளை, எம் பேரைப் போடாம விட்ட. அதிகாரிட்ட கேக்காமதான் கப்பலுக்குத் தகவல் சொல்லச் சிக்னல் ரூமுக்கு ஓடுனேன். தெரிஞ்சா மெமோ வந்திருக்கும். எங்களுக்கும் எல்லாம் மேலேருந்துதான உத்தரவு வரணும்? என்னய நெனச்சுத்தான அப்படி எழுதுன?"

"ஆமாளா" என்றேன்.

போனை வைத்தேன். நான் காலை முழுவதும் உத்தரவுக்காகக் காத்திருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. அதுவரை நான் பொறாமைப்பட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்த அரசாங்கத்தைப் பார்த்து. அன்று முதல் அவளைப் பார்த்தே. இந்தப் பொறாமைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகவும் இடமில்லை.