கால்களைப் படமெடுத்த ஏழுமலை அண்ணன்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து ஜீப் ஓட்டுநர்கள் எனக்குப் போன் செய்தால் ஒரே காரணம்தான் இருக்கும். ஏழுமலை அண்ணன் எதையாவது வண்டியில் மறந்து வைத்திருப்பார். பேட்டரி, விளக்கு, ஒருமுறை கேமரா ஸ்டாண்டே தனியாக மலையிறங்கி வந்தது. அதனால் போன மாதம் ஒரு மத்தியானம் ஜீப்காரத் தம்பி கூப்பிட்டபோது, எடுத்த எடுப்பில், "இந்தத் தடவ இன்னாத்தப்பா மறந்தாரு?" என்று கேட்டுவிட்டேன். "அக்கா, அண்ணன் வண்டிக்காக உக்காந்துனு இருந்தாரு. டீ கேட்டாரு. வாங்கினு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஒண்ணும் ஆவல" என்றான். நான் ஒரு காதுகுத்து வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். திரையில் குழந்தை வாயைத் திறந்து அழுதபடி நின்றிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

மலையிலும் அடிவாரத்திலும் அவரைத் தெரியாத கல்யாண வீடு குறைவு. இதைப் படிக்கிறவர்களில் பலரிடம், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு தெரியட்டும்" என்று அவர் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். திருப்பத்தூரில் எங்கள் ஸ்டுடியோவில் அவர் எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'எடிட்டரம்மா'தான். எங்களுக்குள் சண்டையில்லாத வாரம் கிடையாது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது சண்டையை மறைத்துவிடுவது வழக்கம். எனக்கு அது வராது. வந்தாலும் அவர் சிரிப்பார்.

அவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த பொட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் கேமராவில் ஒரு மணி நேர கேசட். தாலி கட்டுகிற நேரம் பார்த்துத்தான் அது தீரும். கம்ப்யூட்டரை மலைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஜீப்பின் குலுக்கலில் அது பிழைத்தாலும் மேலே கரண்டு இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு ஹார்டு டிஸ்க் ரெக்கார்டர் வாங்கி வந்தார். டிபன் பாக்ஸ் அளவு பொட்டி. உள்ளே டிஸ்க், பின்னால் பேட்டரி, கேமராவுக்கு ஒரு மெல்லிய ஒயர். கேமரா பார்ப்பதெல்லாம் நேராக டிஸ்க்கில் இறங்கிவிடும். நடுவில் கம்ப்யூட்டரும் வேண்டாம், கேசட் மாற்றவும் வேண்டாம். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு முதல் தடவை மலையேறியபோது பந்தலில் ஒரு அம்மா பதறிப்போய், "இன்னா சார், உடம்புக்கு இன்னா? ஒயரெல்லாம் மாட்டி வுட்டுக்கீறாங்க" என்று கேட்டு, உட்கார வைத்து மோர் கொடுத்தாராம். "மோரக் குடிச்சிட்டுத்தான் விஷயத்தச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

பொட்டியில் ஒரு பட்டன், கேமராவில் ஒரு பட்டன். கேமராவில் அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து ஓடி, சேர்ந்து நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வைக்க மாட்டார். ஒரு வளைகாப்பில் அப்படி வைத்து, பொட்டி ஓடாமலே போனதில் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. அதனால் காலையில் பொட்டியைத் தனியாக ஓடவிடுவார், அதோடு அதை மறந்தும்விடுவார். கேமராவை நிறுத்தியாயிற்று என்று நினைத்துக் கையில் தொங்கவிட்டபடி நடப்பார். கேமராவின் கண் திறந்தேயிருக்கும், பொட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேயிருக்கும். என் திரையில் வந்து விழுவது முழுக்கக் கால்கள். செருப்புக் கால், வெறுங்கால், கொலுசுக் கால், பந்தியைச் சுற்றி வரும் நாயின் கால். வெட்டி எறிந்தே என் விரல் தேய்ந்தது. "கல்யாணத்த எடுக்கச் சொன்னா கால எடுத்துனு வர்றீங்களே" என்று கத்தினால், "காலு இல்லாம எவன் எடிட்டரம்மா கல்யாணத்துக்கு வர்றான்?" என்பார்.

பெரிய சண்டைகள் வந்தது அழிப்பதில்தான். எங்களிடம் இருந்தது ஒரே பொட்டி. என் கம்ப்யூட்டரில் இரண்டு கல்யாணத்துக்கு இடமில்லை, டிவிடி போட்டுக் கொடுத்ததும் அதில் இருப்பதை அழித்துவிடுவேன். பொட்டியையும் காலி செய்தால்தான் அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் போகலாம். அண்ணன் விட மாட்டார். "அந்த வூட்ல பார்த்துட்டு சரின்னு சொல்லட்டும், அப்புறம் அழி" என்பது அவர் சட்டம். அடிவாரத்து வீடுகள் டிவிடி கிடைத்த மறுநாளே போன் செய்துவிடும். மலை வீடுகளில் டிவி இருக்கிற இடத்தில் எல்லாரும் கூடிப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியதை மனதிலேயே வைத்துக்கொள்வார்கள். புளி உலுக்கி, ஓடு நீக்கி, மூட்டை கட்டித் திருப்பத்தூருக்கு இறக்க வரும்போதுதான் ஸ்டுடியோவை எட்டிப் பார்த்து, "படம் நல்லாக்கீது சார்" என்பார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு மாசியில் பதில் வரும். அதுவரை பொட்டி அலமாரியில் தூங்கும், அண்ணன் பழையபடி கேசட்டோடு அலைவார். நான் முறைத்தால், "புளி எறங்கட்டும் எடிட்டரம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு ஆவணியில் புதூர்நாட்டுக்கு உள்ளே ஒரு சின்ன ஊரில் மல்லிகா என்ற பெண்ணின் கல்யாணத்தை எடுத்து வந்தார். நான் வழக்கம்போல அங்கே பதிவான சத்தத்தை மொத்தமாக நீக்கிவிட்டு சினிமாப் பாட்டுகளைப் போட்டேன். அன்றைக்கு எல்லா வீட்டிலும் கேட்டது அதைத்தான். தாலி கட்டுகிற இடத்தில் படம் லேசாக நடுங்கியது. அண்ணனுக்கு வயசாகிறது, கை நிற்கவில்லை என்று நினைத்து, அந்த இடத்தில் திரை முழுக்க ரோஜா இதழ் கொட்டும்படி செய்து மூடினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிவிடி மலையேறியது, பொட்டி அலமாரிக்குப் போனது.

தை பிறந்த கையோடு மல்லிகாவே புருஷனோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். படத்தில் சிரித்துக்கொண்டே இருந்த பெண், முகம் வற்றிப்போயிருந்தது. அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்றாள். "அக்கா, எங்கப்பா அந்தப் படத்துல ஒரு எடத்துலயும் வரலக்கா. போட்டுப் போட்டுப் பார்த்துட்டேன். மணையாண்ட இல்ல, பந்தில இல்ல. எங்கனா ஓரத்துல இருப்பாரு, நீ கொஞ்சம் பாருக்கா. ரேஷன் கார்டுல கீற மூஞ்சி அவருதுன்னு சொன்னாத்தான் தெரியும்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கால்ல வுழற நேரத்துல ஆளக் காணோம். அடுப்பாண்ட வேல கீதுன்னு போய்ட்டாராம். அம்மா கால்ல மட்டும் வுழுந்தேன். அப்புறமா வுழலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வண்டி ஏத்திட்டாங்க. எங்கப்பா கால்ல நா வுழவே இல்லக்கா."

மறுநாள் கலசப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். ஒரு நிமிஷம்கூட விட்டுப்போகாமல் பொட்டியில் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தோம். மல்லிகா வந்த அன்று காலையில்தான் அண்ணனோடு மல்லுக்கட்டி, பொட்டியைக் காலி செய்யப் பாதிச் சம்மதம் வாங்கியிருந்தேன். அது அலமாரியிலிருந்து இறங்கி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மல்லிகாவிடம், "மொத்தத்தையும் பார்த்து வெட்டினவ நான்தாம்மா. உங்கப்பா அதுல எங்கயும் இல்ல" என்றேன். உண்மையும் அதுதான். அந்த நேரம் உள்ளே வந்த அண்ணன் அவளை அடையாளம் கண்டு, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "படத்துல இல்லம்மா. ஆனா நின்னாரு. எம் பின்னாலயே நின்னாரு, எனக்குத் தெரியும்" என்றார்.

பொட்டியைக் கேமராவில் செருகி, கேமராவை டிவியில் செருகினார். தாலி கட்டும் இடம் வந்தது. ரோஜா இதழ் இல்லை, பாட்டு இல்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே, கேமராவுக்கு வெகு பக்கத்தில், ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இங்க நின்னுக்கறேன் சார், தொந்தரவு இல்லியே?" என்றது ஒரு குரல். மல்லிகா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு பக்கத்துல போய் நில்லுங்க, படத்துல வரும்" என்றது அண்ணன் குரல். "வோணாம் சார். கண்ணுல தண்ணியா வருது. அவ பார்த்தா அவளும் அழுவா. இங்கன்னா யாரும் பார்க்க மாட்டாங்க, எல்லாம் உங் கேமராவத்தான் பார்க்கறாங்க." "சரி, என் தோளப் புடிச்சுக்குங்க" என்றார் அண்ணன். கெட்டிமேளம் உயர்ந்தது. படம் நடுங்கத் தொடங்கியது. அண்ணன் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவரின் நடுக்கம் அது.

அதோடு முடியவில்லை. அண்ணன் வழக்கம்போலக் கேமராவைத் தொங்கவிட்டு நடக்க, திரையில் தரை வந்தது. கூடவே ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால், வெறுங்கால் இரண்டு. "எம் பொண்ணு சிரிச்சா பல்லு தெரியும் சார். வெக்கப்பட்டு மூடிக்குவா. மூடாதப்போ பார்த்து எடு" என்று சொல்லிக்கொண்டே வந்தது குரல். வெறுங்காலின் கட்டைவிரலில் கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. "எங்கப்பா காலு!" என்று கத்திவிட்டாள் மல்லிகா. அண்ணன் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தினார். ஸ்டுடியோவில் டிவி ஒரு தாழ்ந்த ஸ்டூல்மேல் இருந்தது. அவள் எழுந்து போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் மண்டியிட்டுத் திரையில் தெரிந்த அந்தக் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் புருஷனும் பக்கத்தில் மண்டியிட்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கலசப்பாக்கத்துக்குக் கேசட்டோடுதான் போனார். மாலை மாற்றும்போது கேசட் தீர்ந்துவிட்டது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் இன்னொரு தடவை மாற்றச் சொல்லிக் கேட்டு, பெண்ணின் மாமாவிடம் கூட்டத்துக்கு நடுவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பொட்டியின் நகல் மல்லிகாவுக்குப் போய்ச் சேரட்டும், அதுவரை தொடக்கூடாது என்று சொன்னது அவர்தான். நான் கேட்காமலே சொன்னார்: "மாலைய ரெண்டு தபா மாத்திக்கலாம் எடிட்டரம்மா. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தபா நடக்குமா?" அதற்குப் பிறகு நாங்கள் கொடுத்த எல்லா டிவிடியிலும் பாட்டுப் போட்டது ஒன்று, வீட்டுச் சத்தம் அப்படியே இருப்பது ஒன்று என்று இரண்டாகக் கொடுத்தோம். கால்களையும் விட்டுவைத்தேன். நிறையப் பேர் திட்டினார்கள்.

கேமராவுக்குள்ளேயே சின்ன கார்டு போடும் காலம் வந்ததும் பொட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணன் அதற்காக ஒன்றும் வருத்தப்படவில்லை. "இடுப்பு வலி போச்சு" என்றார். ஆனால் பொட்டியில்லாமலும் கேமராவை நிறுத்த மறந்தார், கார்டிலும் கால்கள் வந்தன. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

சாவுக்கு மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக இறங்கினார்கள். பேனர் அடிக்க அவர் படம் வேண்டுமென்று அவர் மனைவி வசந்தா அக்கா என்னிடம் கேட்டார். ஊரையே படமெடுத்தவருக்கு ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்க முடிந்தது. அதில் அவர் யாரோ போல் இருக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக வந்தது.

காரியத்துக்கு மல்லிகா மகளோடு வந்திருந்தாள். எல்லாரும் எழுந்த பிறகு என்னைத் தனியே அழைத்து, "அக்கா, அந்தப் படத்த செல்லுல ஏத்தி வெச்சிக்கீறேன். இத்தினி வருசமா எங்கப்பாவுக்காகப் போடுவேன். நேத்து அண்ணனுக்காகப் போட்டேன்" என்றாள். பிறகு அதை என் போனுக்கு அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எத்தனையோ ஆண்டு வெட்டி ஒட்டியவளுக்கு அன்று கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தப் பாதையில் கல் அதிகம். வெறுங்கால்கள் தயங்கித் தயங்கி வருகின்றன. அண்ணனின் ரப்பர் செருப்புக் கால்கள் ஒவ்வொரு கல்லையும் தாண்டியதும் நின்று, அவை வந்து சேர்ந்த பிறகே அடுத்த அடி வைக்கின்றன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நடந்த மனிதரின் நடை அது. முகம் இல்லாவிட்டால் போகட்டும். ஏழுமலை அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நின்று நின்று போகும் கால்களைத்தான்.