இரண்டு முள்ளும் சொன்ன பொய்

ஐம்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் பழுது பார்த்தவள். ஆயிரம் வயர்களுக்கு நடுவே செத்துக் கிடக்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை. ஆனாலும் வீட்டில் ஒரு ஃபியூஸ் போனால் அக்கா புருஷன் வெளியாளைத்தான் கூப்பிடுவார்.

அப்பா அவள் பெயரில் எழுதிவைத்த பழைய கார் ஒருநாள் நடுரோட்டில் படுத்துக்கொண்டது. பெட்ரோல் முள் முழு டேங்க் என்று காட்டியது. டேங்கிலோ சொட்டுக்கூட இல்லை. பக்கத்திலிருந்த சூட்டு மீட்டரும் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே அதன் முள் உச்சியில் போய் உட்கார்ந்தது.

இரண்டு மாதம் முன்பு டாஷ்போர்டைக் கழற்றிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த மெக்கானிக்கே வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்த வயரிங்கும் போச்சும்மா. உரிச்சு எடுக்கணும்."

"அதுக்கு வித்துத் தொலைச்சிடலாம்," என்றார் அத்தான். "ஆள் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

"யாரைக் கேட்டு அத்தான் பார்த்தீங்க?"

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. சின்னவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா வாசலில் நின்று, "மானத்தை வாங்காதேடி, எழுந்து வா" என்றாள்.

"மானம் போனா போகட்டும்க்கா. அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள்.

இரண்டு மீட்டரும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு என்று சின்னவள் கணக்குப் போட்டாள். மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. பேட்டரியின் கரண்டைக் குறைத்து இரண்டுக்கும் பங்கிட வேண்டியது அதுதான். சோதித்தால், கரண்டு குறையாமல் அப்படியே பாய்ந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து காரின் இரும்புக்கு ஒரு துண்டு வயரைப் பிடித்தாள். இரண்டு முள்ளும் மெல்ல மெல்ல இறங்கின.

"எர்த் இல்லக்கா! அவ்வளவுதான்!"

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் திருகை எடுத்தாள். அடியில், பெட்டி காரின் இரும்பைத் தொடவிடாமல் கெட்டியாகப் பெயிண்ட். சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கினாள். பேட்டரியை மாட்டி மறுபடி சாவியைத் திருப்பியபோது, அன்று வீட்டுக்கு ஓட்டி வர வாங்கி ஊற்றிய பெட்ரோலுக்குச் சரியாக, பெட்ரோல் முள் கால் டேங்கில் நின்றது. எஞ்சின் சில்லென்று இருந்ததால் சூட்டு முள் அடியிலேயே கிடந்தது.

மெக்கானிக்கும் அத்தானும் வாங்க வந்தவரோடு வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ குருட்டாம்போக்குல சரியாயிருக்கு" என்றார்.

"நீங்க அடிச்ச பெயிண்ட்டுதாங்க கோளாறு. வயரிங்கை உரிச்சிருந்தா அதுவும் தெரியாமப் போயிருக்கும்," என்றாள் சின்னவள், கையைத் துடைத்தபடியே.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "சரி, சாவியைக் கொடு. அவங்க ஓட்டிப் பார்க்கட்டும்."

"கார் என் பேர்ல இருக்கு. விக்கப்போறதில்ல."

வந்தவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். சின்னவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அக்கா யாரையும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் தெருமுனை திரும்பி மறைந்தது.