சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு தோல் துண்டு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், முதுகலை முதலாம் ஆண்டில், நாங்கள் இரண்டு பேர் ஒரே தலைப்பில் பேச வேண்டியிருந்தது. செல்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் வலைக்குப் புற்றுநோயில் என்ன பங்கு என்பது தலைப்பு. நன்றாகப் பேசுகிறவனுக்குக் கோடை விடுமுறையில் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் பயிற்சி. ஒரே ஒரு இடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

மற்றவன் கத்தோலிக்க வாத்தியார் வீட்டுப் பையன். அவன் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். நான் கேட்டால், "அடுத்த கிளாஸ்ல பாப்போம்" என்பார். அவனுடைய சட்டைக் காலர் கசங்காமல் இருப்பதுகூட எனக்கு எரிந்தது.

நூலகத்தில் அந்தத் தலைப்புக்குப் புத்தகம் ஒன்றுதான். அதைத் தாவரவியல் அலமாரியில், தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவன் தேடித் தேடி என்னிடமே வந்தான்.

"நீ பாத்தியாடா?"

"இல்லயே."

ஒரு வாரம் போயிருக்கும். அப்பாவுக்குப் பேகம்பூர் தோல்ஷாப்பில் வேலை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு முடியையும் சதையையும் வழிப்பார். கல்லூரியில் அவர் வியாபாரம் செய்வதாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஏலே, ஒங்க காலேஜ்ப் பய ஒருத்தன் ஷாப்புக்கு வந்தான். புஸ்தகம் கெடைக்கலயாம், தோலத் தொட்டுப் பாக்கணும்னான். என் மகனும் அங்கதான் படிக்கிறான்னேன். 'அவன் என் கூட்டாளிதாங்க'ன்னு சிரிக்கிறான்."

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நாத்தம்னு மூக்கப் பொத்தல அப்பு. சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள கைய விடப் போனான், நாந்தான் புடிச்சு இழுத்தேன். எம்புட்டுக் கேள்வி! நீ ஒருநாளாச்சும் கேட்டிருப்பியா?"

பேச்சு நாளன்று நான் முதலில் பேசினேன். மனப்பாடம்; ஒரு வரி பிசகவில்லை. அடுத்து அவன் இரண்டு தோல் துண்டுகளை மேசையில் வைத்தான்.

"இது சுண்ணாம்புல ஊறி வழிச்சது சார். செல்லெல்லாம் அநேகமாப் போயிருச்சு, மிச்சம் அந்த வலைதான். பெரும்பாலும் கொலாஜன்ங்கிற புரத இழை. இன்னொன்னு மரப்பட்டைச் சாறுல பதப்படுத்துனது. சாறு இழைகளை இறுக்கிக் கட்டிருச்சு. புற்றுக்கட்டியச் சுத்தியும் வேற வழியில வலை இறுகுது. அதான் கட்டி கைக்குக் கெட்டியாத் தட்டுப்படுது. மருந்தும் உள்ள போகத் திணறுது."

"அப்ப வலையை அறுத்துட்டா?" என்றார் பேராசிரியர்.

"மருந்து போகலாம் சார். புற்றுச்செல்லும் அதே வழியா வெளிய கெளம்பிரலாம். வலைய அறுக்கப் புற்றுச்செல் சுரக்கிற நொதியத் தடுக்கிற மருந்தும் நெனச்ச மாதிரி கைகொடுக்கல. எப்ப தளர்த்துறது, எப்ப விட்டுவைக்கிறதுங்கிறது இன்னும் புடிபடல."

பிறகு என்னைக் காட்டினான். "தோல் இவங்க அப்பா குடுத்தது சார். தோல்ஷாப்ல வேல பாக்குறாங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நன்றியாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. துண்டுகள் கைமாறி என்னிடம் வந்தபோது பார்க்காமல் பக்கத்தில் தள்ளிவிட்டேன்.

சாயந்திரம் அப்பா வாசலிலேயே கேட்டார். "அந்தத் தம்பி எப்படிப் பேசுனான்? தோலக் காட்டுனானா?"

"காட்டுனான்."

"வாத்தியாரு தொட்டுப் பாத்தாரா?"

"எல்லாருந்தான் பாத்தாங்க."

அப்பா சிரித்தார். நான் பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சென்னைக்கு யாரு?"

"அவன்தான்."

"அடடா," என்று என் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே வருத்தம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து முழுசாக இறக்க அவரால் முடியவில்லை.